‘ரெண்டு நிமிஷம்தான்’ என்று நிற்கும் வண்டி எவ்வளவு சாலையை விழுங்குகிறது?

‘இங்கு வண்டிகளை நிறுத்தாதீர்கள்’ என்று ஒரு பலகை. அதற்கு நேர் கீழே ஒரு கார். ஓட்டுநர் உள்ளேயேதான் இருக்கிறார். இன்ஜின் ஓடுகிறது, நான்கு இண்டிகேட்டரும் மினுங்குகின்றன. போக்குவரத்துக் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டினால், “நிறுத்தலை சார், ஆள் வர்றதுக்காக ரெண்டு நிமிஷம் நிக்கிறேன்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் ‘நிறுத்துவது’ என்றால் பூட்டிவிட்டுப் போவது. தமிழில் ‘நிறுத்து’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. கைகாட்டிப் பேருந்தை நிறுத்துகிறோம். வண்டியை நிறுத்திவிட்டு நாள் முழுக்க வேலைக்கும் போகிறோம்.

அப்படியானால் பலகை எதைத் தடுக்கிறது? வண்டி நிற்பதையா, வண்டியைப் போட்டுவிட்டுப் போவதையா? நெரிசலான சாலையில் கட்டுப்பாடு கொண்டுவர நினைப்பவர்கள் பலரும் முதலில் இடறுவது இந்தக் கேள்வியில்தான்.

இதற்குத் தெளிவான விடை 1968-இல் வியன்னாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இருக்கிறது. சிக்னலுக்காகவோ மோதாமல் தப்பிக்கவோ நிற்கும் வண்டியை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆளை ஏற்றி இறக்கவோ, சரக்கை ஏற்றி இறக்கவோ எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம் மட்டும் நிற்பதை ஒரு வகையாக வைக்கிறது. அதைத் தாண்டி நின்றால் அது பார்க்கிங். ஓட்டுநர் உள்ளே இருக்கிறாரா, இன்ஜின் ஓடுகிறதா என்பதெல்லாம் இந்த வரையறையில் இல்லை. ஆள் கதவைத் திறந்து ஏறும் நேரம் வேறு, இனிமேல் வரப்போகும் ஆளுக்காகக் காத்திருக்கும் நேரம் வேறு. முதல் பத்தியில் பார்த்த ஓட்டுநர் இந்த அளவுகோலில் வண்டியைப் பார்க் செய்துதான் வைத்திருக்கிறார்.

பல நாடுகளின் சாலைப் பலகைகள் இதை ஒட்டியே வரையப்பட்டிருக்கின்றன. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு என்றால் பார்க்கிங் கூடாது, ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அதே வட்டத்தில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால் நிற்கவே கூடாது. தினமும் வண்டி ஓட்டுபவர்களிலேயே பலருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. ஜெர்மனி இன்னும் கறாராக நேரத்தையே எழுதி வைத்துவிட்டது: வண்டியை விட்டுப் போனாலோ, மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றாலோ அது பார்க்கிங். நியூயார்க்கில் மூன்று படிகள் உண்டு. முதல் பலகை இருக்கும் இடத்தில் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கலாம், காத்திருக்கக் கூடாது. இரண்டாவதில் ஆளை மட்டும் ஏற்றி இறக்கலாம், சரக்கைத் தொடக்கூடாது. மூன்றாவதில் எதற்காகவும் நிற்கக் கூடாது. படிகள் அதிகமானால் குழப்பம் கூடும் என்று தோன்றலாம். ஆனால் சாலையோரத்தில் உண்மையில் நடப்பது இந்த மூன்று வேலைகள்தான். மூன்றையும் ஒரே பலகையில் அடைத்தால் அந்தப் பலகைக்கு யாரும் கட்டுப்பட மாட்டார்கள்.

இரண்டு நிமிடத்தின் கணக்கு

ஒரு காரின் அகலம் ஏறத்தாழ 1.8 மீட்டர். நகரச் சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3 முதல் 3.5 மீட்டர். கார் பாதித் தடத்தைத்தானே எடுத்துக்கொள்கிறது, பக்கத்தில் போக இடம் இருக்கிறதே என்று நிற்பவருக்குத் தோன்றும். பின்னால் வரும் காருக்கு மிச்சமிருக்கும் பாதித் தடத்தால் ஒரு பயனும் இல்லை. அது அடுத்த தடத்துக்குத்தான் நகர வேண்டும். ஆக, நிற்கும் வண்டி தன் அகலத்தை அல்ல, முழுத் தடத்தையும் எடுத்துக்கொள்கிறது.

சிக்னல் அருகே நின்றால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பச்சை விழுந்ததும் ஒரு தடத்தில் ஏறத்தாழ 2 விநாடிக்கு ஒரு வண்டி கோட்டைத் தாண்டும். பச்சை 30 விநாடி என்றால் தடத்துக்கு 15 வண்டி, இரண்டு தடத்துக்கு 30. இப்போது சிக்னல் கோட்டுக்கு 20 மீட்டர் முன்னால், ஓரத் தடத்தில் ஒரு வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் கோட்டுக்கும் நடுவே மூன்று கார்தான் நிற்க முடியும். அந்த மூன்றும் போனபிறகு மற்ற எல்லாமே ஒரே தடத்தில் வந்தாக வேண்டும். 30 வண்டி போக வேண்டிய பச்சையில் 18 போகும். 90 விநாடிக்கு ஒருமுறை பச்சை என்றால் மணிக்கு 40 முறை. முறைக்கு 12 வீதம், ஒரு மணி நேரத்தில் 480 வண்டிகள் போக முடியாமல் நிற்கின்றன. இருசக்கர வண்டிகள் இடுக்கில் புகுந்து போகும் சாலைகளில் இந்த எண் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

சிக்னலை விட்டுவிட்டுச் சாலையின் நடுப்பகுதியைப் பார்ப்போம். இரண்டு தடம், நிமிடத்துக்கு 60 வண்டி போகும் கொள்ளளவு. வந்துகொண்டிருப்பது 50. எல்லாம் சரியாக ஓடுகிறது. ஒருவர் ஒரு தடத்தை மறித்து இரண்டே நிமிடம் நிற்கிறார். போக முடிவது 30 ஆகிவிடுகிறது. நிமிடத்துக்கு 20 வண்டி பின்னால் சேரும். இரண்டு நிமிடத்தில் 40. அவர் கிளம்பிப் போய்விடுகிறார், கண்ணாடியில்கூட அந்த வரிசை அவருக்குத் தெரியாது. இனி நிமிடத்துக்கு 60 போகலாம், ஆனால் 50 வந்துகொண்டேதான் இருக்கும். தேங்கிய 40 கரைய நிமிடத்துக்கு 10 வீதம் நான்கு நிமிடம் ஆகும். இரண்டு நிமிட நிறுத்தம் ஆறு நிமிட இடைஞ்சல் ஆகிவிட்டது.

இதே சாலையில் ஆறு நிமிடத்துக்கு ஒருவர் இப்படி நின்றால்? மணிக்குப் பத்தே பேர். ஒவ்வொருவரும் இரண்டே நிமிடம். அந்த ஒரு மணி நேரம் முழுக்கச் சாலை ஒருமுறைகூடச் சீராக ஓடாது. யாரைக் கேட்டாலும் “நான் ரெண்டு நிமிஷம்தானே நின்னேன்” என்பார்கள், அதுவும் உண்மையாகவே இருக்கும்.

உச்ச நேரத்தில் இது இன்னும் மோசம். மணிக்கு 3600 போகக்கூடிய சாலையில் 3500 வந்துகொண்டிருக்கும்போது அதே இரண்டு நிமிடம் மறித்தால் 57 வண்டி தேங்கும். கரைவதற்கு மணிக்கு 100 வண்டிக்குத்தான் உபரி இடம் இருக்கிறது. தேக்கம் தீர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையிலும் மாலையிலும் சில மணி நேரத்துக்கு மட்டும் நிறுத்தத் தடை என்று பலகையில் எழுதுவதற்குக் காரணம் இதுதான். மத்தியானம் யாரையும் பாதிக்காத ஒரு நிறுத்தம் மாலை ஆறு மணிக்கு ஊரையே மறிக்கும். தேங்கும் வரிசை பின்னால் உள்ள சந்திப்பைத் தொட்டுவிட்டால் அப்புறம் அது இந்தச் சாலையின் பிரச்சினையாக மட்டும் இருக்காது. குறுக்கே போகிறவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

கணக்கில் வராதவர்கள்

வண்டிகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் தெரியும். முழங்கால் வலியுள்ள என் அம்மாவைப் பேருந்தில் ஏற்றிவிடப் போகும்போதெல்லாம் எனக்கு இது உறைக்கும். பேருந்து நிறுத்தத்தில் ஒரே ஒரு கார் நின்றால் போதும். 12 மீட்டர் நீளமுள்ள பேருந்து ஓரமாக வளைந்து, நேராகி, நடைபாதையை ஒட்டி நிற்க நீளமான இடம் வேண்டும். அந்த இடத்தின் நடுவில் ஒரு கார் இருந்தால் பேருந்து நடுச்சாலையிலேயே சாய்வாக நின்றுவிடும். அம்மா நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கி, இடையில் புகும் பைக்குகளைப் பார்த்து, அங்கிருந்து உயரமான படியில் காலை வைக்க வேண்டும். தாழ்தளப் பேருந்து வாங்கினோம், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வைத்தோம் என்று எவ்வளவு செலவழித்தாலும், பேருந்து ஓரத்தைத் தொட முடியாவிட்டால் அத்தனையும் வீண்.

சாலையைக் கடப்பவர்கள் நிலைமை இதைவிட ஆபத்தானது. ஜீப்ரா கோட்டை ஒட்டி ஒரு வேன் நின்றால், கடக்க வரும் குழந்தைக்கு வண்டி வருவது தெரியாது. ஓட்டுபவருக்குக் குழந்தை தெரியாது. வேனின் முன்பக்கம் தாண்டி அடியெடுத்து வைக்கும் அந்த நொடியில்தான் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அதனால் சந்திப்புகளின் மூலைகளையும் கடக்கும் இடங்களையும் ஒட்டி எந்த வண்டியும் நிற்காமல் காலியாக வைப்பது இன்று ஒரு தனிக் கொள்கையாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள ஹோபோக்கன் என்ற சிறிய, நெருக்கமான நகரம் தன் மூலைகளை ஒவ்வொன்றாக இப்படித் திறந்து, வண்டி நுழைய முடியாதபடி கம்பங்களையும் செடித்தொட்டிகளையும் வைத்தது. 2017 தொடங்கி ஏழு ஆண்டுகள் அந்த நகரத் தெருக்களில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. வேகக் குறைப்பு போன்ற வேறு நடவடிக்கைகளும் சேர்ந்துதான் இது நடந்தது என்றாலும், அவர்களே முதலில் சொல்வது மூலைகளைத்தான். கலிஃபோர்னியா இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. கடக்கும் இடத்துக்கு முந்தைய 20 அடிக்குள், பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது.

சைக்கிளில் போகிறவர்களுக்கு நிற்கும் காரின் கதவே எமன். பார்க்காமல் திறக்கும் கதவு ஒரு மீட்டர் அளவுக்குச் சாலைக்குள் நீளும். தீயணைப்பு வண்டிக்கோ வளைவில் திரும்ப இடமும், தண்ணீர் எடுக்கும் குழாய் அருகே காலி இடமும் வேண்டும். நியூயார்க்கில் அந்தக் குழாயின் இரு பக்கமும் 15 அடிக்குள் வண்டி நிற்கக் கூடாது. அங்கே கோடு போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூலை, கடக்கும் இடம், பேருந்து நிறுத்தம், தண்ணீர்க் குழாய் இவையெல்லாம் சாலைக்குச் சாலை பேசி முடிவெடுக்க வேண்டியவை அல்ல. எங்கும் எப்போதும் தடை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நான் ஒரு நகரத்துக்குப் பொறுப்பாளராக இருந்தால் இங்கிருந்துதான் தொடங்குவேன். இழப்பது சில வண்டிகள் நிற்கும் இடம், காப்பது உயிர்கள்.

நிற்க வேண்டியவர்கள் எங்கே நிற்பார்கள்?

தடை என்றதும் நாம் மறந்துவிடும் ஒரு கூட்டம் உண்டு. சிலிண்டர் கொண்டு வருபவர், பால் கூடைகளை இறக்குபவர், நோயாளியை மருத்துவமனை வாசலில் இறக்கிவிடும் ஆட்டோக்காரர், பார்சல் கொடுக்க வரும் இளைஞர். இவர்களால் நிற்காமல் இருக்கவே முடியாது. நிற்பதுதான் அவர்கள் வேலை. அவர்களுக்கு ஓரத்தில் இடம் இல்லையென்றால் நிற்கும் வண்டிகளுக்குப் பக்கத்தில், இரண்டாவது வரிசையில் நிற்பார்கள். இன்று ஆளுக்கு ஆள் கைப்பேசியில் பொருள் வரவழைக்கிறோம், வாடகைக் காரைக் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு தட்டலும் சாலையோரத்தில் ஒரு நிறுத்தம். குறுக்கே நிற்கும் டெலிவரி வேனைத் திட்டும்போது அது யார் வீட்டுப் பொருளைக் கொண்டு வந்தது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கல் மோட்டார் வண்டிகளோடு வந்ததல்ல. கி.மு. 45-ஐ ஒட்டி, ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் ஒன்று ரோம் நகருக்குள் பகலில் சக்கர வண்டிகள் ஓடுவதைத் தடுத்தது. சூரிய உதயத்திலிருந்து பிற்பகல் வரை தடை. அப்போதுகூட விதிவிலக்கு இல்லாமல் முடியவில்லை. கோயில் கட்டுமானப் பொருள்களுக்கும் இடிபாடுகளை அகற்றும் வண்டிகளுக்கும் அனுமதி கொடுத்தார்கள். மற்ற சரக்கெல்லாம் இரவுக்கு மாறியது. அதன் பிறகு ரோமானியர்கள் வண்டிச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறதென்று முறையிட்டார்கள். தேவையை ஒரு மணி நேரத்திலிருந்து எடுத்தால் அது வேறு மணி நேரத்துக்குத்தான் போகும். இன்று சரக்கு வண்டிகளை இரவுக்கு மாற்றும் நகரங்கள் சத்தமில்லாத தள்ளுவண்டி, ரப்பர் தரை விரிப்பு என்று யோசிப்பது இதற்காகத்தான்.

லண்டனின் அனுபவம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே 1991-இல் சோதனையாகத் தொடங்கிய ‘சிவப்புப் பாதைகள்’ இன்று நகரின் முக்கியச் சாலைகள் முழுக்க இருக்கின்றன. சாலை நீளத்தில் இவை 5 சதவீதம்தான், ஆனால் நகரப் போக்குவரத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தைச் சுமக்கின்றன. ஓரத்தில் இரட்டைச் சிவப்புக் கோடு இருந்தால் எந்த நேரத்திலும் நிற்கக் கூடாது. ஒற்றைக் கோடு இருந்தால் பலகையில் எழுதியிருக்கும் நேரத்தில் மட்டும் தடை. சாதாரணச் சாலைகளின் மஞ்சள் கோட்டில் ஆளை இறக்கிவிட்டுப் போகலாம். சிவப்புக் கோட்டில் தனியார் கார்களுக்கு அதுவும் கிடையாது. இதுவரை கேட்டால் வெறும் கெடுபிடியாகத் தெரியும். ஆனால் அதே சாலைகளில் கட்டம் கட்டமாக வரைந்து, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை சரக்கு இறக்கலாம், இவ்வளவு நிமிடம் நிற்கலாம் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். டாக்ஸிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளுக்கும் ஆளை ஏற்றி இறக்க விலக்கு உண்டு. ‘நிற்காதே’ என்று சொல்வதோடு ‘இங்கே நில்’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாத தடைகள் எங்கேயும் நீடித்து நிற்பதில்லை.

கடைக்காரர்களின் பயத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. வாசலில் வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் போய்விடும் என்பது அவர்கள் பிழைப்பு சம்பந்தப்பட்ட கவலை. ஆனால் இரண்டு விஷயங்களை அவர்கள் முன் வைக்கலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2006-இல் நடந்த ஓர் ஆய்வில், வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். வந்தவர்களையே கேட்டபோது காரில் வந்தவர்கள் 22 சதவீதம்தான். நடந்தும் பேருந்திலும் வருகிறவர் கண்ணில் படுவதில்லை, வாசலில் நிற்கும் கார் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். இன்னொன்று, வாசலில் காலை முதல் மாலை வரை நிற்கும் வண்டி பெரும்பாலும் வாடிக்கையாளருடையது அல்ல. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் 1935 ஜூலை 16 அன்று உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை, அதாவது காசு போட்டு நிறுத்தும் நேரத்தை அளக்கும் கருவியை, நட்டதே இதற்காகத்தான். அங்கே வேலை பார்ப்பவர்கள் காலையிலேயே வந்து ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, பொருள் வாங்க வருகிறவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பத்திரிகையாளரான கார்ல் மெகீ, வணிகர்களின் சார்பில் இதற்கு வழி தேடியபோது பிறந்தது அந்த மீட்டர். மணிக்கு 5 சென்ட். இடம் சீக்கிரம் சீக்கிரமாகக் கைமாறியது. முதலில் முணுமுணுத்த வணிகர்கள், மீட்டர் இல்லாத பக்கத்துக்கும் அதைக் கேட்டு வந்தார்கள் என்பது அந்த ஊர் வரலாறு.

அபராதமும் பூட்டும்

விதி எழுதியாயிற்று, கோடு போட்டாயிற்று. கட்டுப்படுவார்களா?

நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைத் தூதரக வண்டிகளுக்கு நீண்ட காலம் அபராதம் எழுத முடிந்ததே தவிர வசூலிக்க முடியவில்லை. 1997 முதல் 2002 வரை கட்டப்படாத அபராதச் சீட்டுகள் 1,50,000-க்கும் மேல், தொகை 1.8 கோடி டாலரைத் தாண்டியது. 2002-இன் கடைசியில், மூன்று சீட்டுக்கு மேல் கட்டாமல் விட்டால் தூதரக எண் பலகையே பறிபோகும் என்று நகரம் சொன்னது. மீறல்கள் ஏறத்தாழ 98 சதவீதம் குறைந்தன. அதே மனிதர்கள், அதே சாலைகள், அபராதத் தொகையும் அதேதான். மாறியது ஒன்றுதான்: ‘கட்டித்தான் ஆக வேண்டும்’ என்ற உறுதி. அபராதத்தைப் பத்து மடங்காக்கு என்ற கூக்குரலை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம். நூறில் ஒருவர் மாட்டிக்கொண்டு பெருந்தொகை கட்டினால் அது அவருக்குத் தலைவிதி போலத் தெரியும், மற்ற 99 பேருக்கும் எதுவும் தெரியாது. நின்றால் சீட்டு நிச்சயம் என்றால் சிறிய தொகையே போதும்.

ஜப்பான் 2006-இல் இதைச் செய்து பார்த்தது. அதற்கு முன் காவலர்கள் டயர் பக்கத்தில் சாக்பீஸால் நேரம் குறித்துவிட்டுப் போய், திரும்பி வந்து பார்ப்பார்கள். அதற்குள் பலர் வண்டியை எடுத்துவிடுவார்கள். புதிய முறையில் ஓட்டுநர் வண்டியை விட்டு விலகியிருந்தாலே உடனடியாகச் சீட்டு ஒட்டலாம். அந்த வேலைக்குத் தனியார் கண்காணிப்பாளர்களையும் சீருடையோடு இறக்கினார்கள். ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் வண்டியின் சொந்தக்காரர் கட்ட வேண்டும். இப்போது பல நகரங்களில் கேமராவே சீட்டு எழுதுகிறது. நியூயார்க்கில் 2019 முதல் பேருந்துகளின் முன்பக்கத்திலேயே கேமரா இருக்கிறது. தன் பாதையை மறிக்கும் வண்டியைப் பேருந்தே படம் பிடித்துவிடுகிறது.

சக்கரப் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1955-இல் அமெரிக்காவின் டென்வர் நகரம் பயன்படுத்தத் தொடங்கியது அது. பழைய அபராதங்களைக் கட்டாதவரை வரவழைக்க நல்ல கருவி. ஆனால் நெரிசலான சாலையில் குறுக்கே நிற்கும் வண்டிக்குப் பூட்டுப் போடுவது சரியில்லை. எந்த வண்டி அங்கே இருக்கக் கூடாது என்கிறோமோ, அதையே சொந்தக்காரர் வந்து பணம் கட்டும் வரை அங்கேயே பிடித்து வைக்கிறோம். அங்கே தேவை இழுவை வண்டி. இழுவையிலும் ஒரு கண் வேண்டும். தூக்கும் வண்டிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்தால், அவர் சுலபமாகத் தூக்கக்கூடிய வண்டியைத் தேடிப் போவார். அகலமான, அமைதியான தெருவில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கும் பைக்குகள் லாரியில் ஏறும். சிக்னல் ஓரத்தில் நடுச்சாலையை மறிக்கும் பெரிய கார் அப்படியே நிற்கும். எத்தனை வண்டி தூக்கினோம் என்ற எண்ணிக்கையைவிட, எந்தெந்தச் சாலைகளில் உச்ச நேரத்தில் ஓரம் காலியாக இருந்தது என்ற பதிவேடுதான் உண்மையைச் சொல்லும்.

எடுத்த வண்டிகள், கிடைத்த இடம்

முக்கியச் சாலையில் தடை வந்ததும் வண்டிகள் காற்றில் கரைந்துவிடாது. முதலில் பக்கத்துத் தெருவுக்குள் நுழையும், இல்லையென்றால் நடைபாதை மேல் ஏறும். லண்டன் 1974-லேயே நடைபாதைப் பார்க்கிங்குக்குத் தனியாகத் தடை போட்டது. சாலைக்குப் போட்ட தடையை நடைபாதைக்கும் சேர்த்துப் போடாவிட்டால், காரின் இடைஞ்சலை நடப்பவர் தலையில் மாற்றிக் கட்டுகிறோம் என்று அர்த்தம்.

பல மாடி நிறுத்தகம் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஓரத்தில் இலவசமாகவும், நிறுத்தகத்தில் காசு கொடுத்தும் நிறுத்தலாம் என்றால் யாரும் நிறுத்தகத்துக்குப் போக மாட்டார்கள். ஓரத்து இடம் காலியாகுமா என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இதைத்தான். 1927 முதல் 2001 வரை நெரிசலான நகரப் பகுதிகளில் நடந்த 16 ஆய்வுகளை அவர் தொகுத்தபோது, ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் சராசரியாக 30 சதவீதம் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தவை என்று தெரிந்தது. பிரச்சினை இருக்கிறது என்று தெரிந்த இடங்களில் எடுத்த கணக்கு இது, எல்லாச் சாலைக்கும் பொருந்தாது. ஆனாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்ட பிறகும் சாலையை நிரப்பிக்கொண்டிருக்கும் வண்டிகள் என்று நினைத்தால் மனசு பதறுகிறது. அவர் சொன்ன வழி, ஒவ்வொரு தெருப்பகுதியிலும் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணத்தை ஏற்றி இறக்குவது. சான்ஃபிரான்சிஸ்கோ 2011-இல் இதை மீட்டர் வைத்த சுமார் 7,000 நிறுத்த இடங்களில் சோதித்துப் பார்த்தது. கூட்டமான இடத்தில் கட்டணம் ஏறியது, ஆளில்லாத இடத்தில் இறங்கியது.

ஜப்பான் வேரிலேயே கை வைத்தது. 1962-இல் வந்த சட்டப்படி, வண்டி வைக்க எனக்கு இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேலோ, இரவில் 8 மணி நேரத்துக்கு மேலோ பொதுச் சாலையில் ஒரே இடத்தில் வண்டியை வைப்பதும் குற்றம். சாலை என்பது என் காரின் கொட்டகை அல்ல என்ற எண்ணம் அங்கே இரண்டு தலைமுறையாக ஊறியிருக்கிறது.

கடைசியாக, பலரும் யோசிக்காத ஒன்று. ஓரத்து வண்டிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டால் என்ன நடக்கும்? சாலை அகலமாகும், வேகம் கூடும். நிற்கும் வண்டிகள் இதுவரை நடைபாதைக்கு ஒரு தடுப்பாகவும் இருந்தன. இனி நடப்பவருக்கு ஓர் அடி தள்ளிப் பாய்ந்து போகும் வண்டிகள். கடக்க வேண்டிய தூரமும் அதிகம். கொஞ்ச நாளில் அந்தக் கூடுதல் தடமும் நிரம்பிவிடும். ஆகவே தடை அறிவிக்கும் அன்றே, கிடைக்கும் இடம் யாருக்கு என்றும் அறிவிக்க வேண்டும். கார் போன்ற தனியார் வண்டிகள் ஓடும் ஒரு தடம் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கொண்டுபோகும் என்பது அமெரிக்க நகரப் போக்குவரத்து வடிவமைப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதே தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் வரை போகலாம்.

ஓரத் தடத்தில் பேருந்து மட்டும் ஓடினால், நிறுத்தத்தில் எந்தக் காரும் நிற்காமல் இருந்தால், பேருந்து நடைபாதையை ஒட்டி நேராக வந்து நிற்கும். அம்மா சாலையில் இறங்காமலே ஏறிவிடலாம்.